வரிக்கு மேல் வரி

மாஸ்டர் என் மேசையில் வைத்தது ஒரு சீ.ஆர். கொப்பி. கார் எடுக்க வருகிறவர்கள் வழக்கமாகக் கைத்தொலைபேசியைத்தான் நீட்டுவார்கள். வெள்ளையா சாம்பலா, பின்பக்கக் கெமரா இருக்கிறதா என்று படம் காட்டுவார்கள். மாஸ்டரிடம் படம் எதுவும் இல்லை. பருத்தித்துறையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, கொட்டாஞ்சேனையில் என் அலுவலகம் திறக்கும்வரை வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் கொப்பியைத் திறந்தார். முதல் பக்கத்தின் தலையில் ‘கார்’ என்று எழுதி, அடிமட்டம் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தார். கீழே ஒரேயொரு தொகை: யப்பானில் விலை 13 இலட்சம் யென். மிச்சப் பக்கம் வெறுமையாக இருந்தது.

“தம்பி, இதுக்குக் கீழ எத்தினை வரி வருமெண்டு சொல்லும். ஒண்டும் விடாமச் சொல்லும். நான் எழுதிறன்.”

அது 2025 பெப்ரவரி. ஐந்து வருடத் தடைக்குப் பிறகு தனியார் வாகன இறக்குமதி அந்த மாதம் முதலாம் திகதிதான் திறந்திருந்தது. மாஸ்டரின் மனைவிக்குக் கிழமைக்கு மூன்று நாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு. ஓட்டோவின் குலுக்கலை அவவின் உடம்பு தாங்கவில்லை. கனடாவில் இருக்கும் மகன், “எவ்வளவு அனுப்ப வேணும் அப்பா?” என்று கேட்டிருந்தான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவர் கொழும்புக்கு வந்திருந்தார்.

சுங்கத்தில் பத்திரம் போட்டு வாகனம் இறக்கிக் கொடுப்பவன் என்று என் பெயர்ப்பலகை சொல்கிறது. ஆனால் இருபத்தெட்டு வருடமாக நான் உண்மையில் செய்துவருவது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான். கார் எத்தனைக்கு வாங்கினோம் என்பதை எவரும் சொல்லிவிடலாம். வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது அது எத்தனை ஆகியிருக்கும் என்பதை, வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஆள் தேவை.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் முதலாளி, வார்ஃப் கிளார்க் நானா. 1997இல் பத்தொன்பது வயதில் அவரிடம் பையனாகச் சேர்ந்தேன். வார்ஃப் கிளார்க் என்றால் புறக்கோட்டையில் அப்போது பெரிய மரியாதை. விடிய எழுந்து கோப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுங்கத்தில் பத்திரம் போடும் ‘லோங் ரூமு’க்கு அவர் பின்னால் ஓடுவேன். ஒரு நாள், கப்பல் வந்து நான்கு நாளாகியும் வரி கட்டப் பணமில்லாமல் ஒருவர் நடைபாதையில் குந்தி அழுதுகொண்டிருந்தார். வேறொருவர் செய்து கொடுத்த வேலை அது. காரின் விலையை மட்டும் சொல்லி, வரியை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டிருக்கிறார்கள். நானா அவருக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “கப்பல் வந்த பொறகு சொல்ற கணக்கு கணக்கில்ல மகன். அது ஜனாஸா அறிவித்தல்.”

நானா காலமாகிப் பல வருடமாகிவிட்டது. இன்றும், வங்கியில் எல்சி எனும் நாணயக் கடிதம் திறப்பதற்கு முன் முழுக் கணக்கையும் எழுத்தில் கொடுக்காமல் நான் எந்தக் கோப்பையும் எடுப்பதில்லை.

மாஸ்டருக்கும் முதலில் யப்பானிலிருந்தே தொடங்கினேன். அங்கே புதிய காருக்கு முதல் கட்டாயப் பரிசோதனை மூன்றாவது வருடத்தில் வரும். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. செலவு பிடிக்கும் பரிசோதனை என்பதால், அந்த நாள் நெருங்கும்போது பலர் காரை மாற்றிவிடுகிறார்கள். நன்றாக ஓடும் கார்கள் ஏல மைதானங்களுக்கு வந்து குவிவது அதனால்தான். இலங்கைச் சட்டமோ, உற்பத்தியாகி மூன்று வருடத்துக்கு மேற்படாத காரைத்தான் உள்ளே விடும். யப்பான்காரர் கைவிடும் வயதும் நமக்குக் கதவு மூடும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் எங்கள் முழு வியாபாரமும் நடக்கிறது.

ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. 4.5, 4, 3.5 என்று தரப் புள்ளி. அடிபட்டுத் திருத்தியது என்றால் ‘ஆர்’. காரின் வரைபடத்தில் கீறலுக்கு ஓர் எழுத்து, நெளிவுக்கு ஓர் எழுத்து, பக்கத்தில் அதன் அளவு. இந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. இன்னொன்றையும் கேட்க வேண்டும். யப்பானுக்குள் வாங்கினால் 10 வீத நுகர்வு வரி உண்டு. நாட்டை விட்டு வெளியேறும் பொருளுக்கு அந்த வரி கிடையாது, ஏற்றுமதியாளர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். ஆகவே சொல்லப்படும் விலை அந்த வரியோடா, வரியில்லாமலா? கேட்கத் தெரியாத காரணத்தால் அந்தப் பத்து வீதத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாஸ்டர் பார்த்துவைத்திருந்தது 996 சிசி யாரிஸ். 13 இலட்சம் யென்னோடு அங்குள்ள முகவர் கூலி, உள்ளூர்ப் போக்குவரத்து, பரிசோதனைச் சான்றிதழ், கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்தால், அன்றைய மாற்று வீதத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் ரூபாய். இதைத்தான் சிஐஎஃப் என்கிறோம்: பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த பெறுமதி. சுங்கத்துக்கு இதுதான் அத்திவாரம். நாம் காட்டும் இன்வொய்ஸை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வதில்லை. மொடல், கிரேட், உற்பத்தி வருடம் எல்லாவற்றையும் தங்களிடமுள்ள விலைகளோடு ஒப்பிடுவார்கள். “அவையள் 30 எண்டு ஏற்றுக்கொண்டால் எண்டு எழுதுங்கோ மாஸ்டர்” என்றேன். ‘ஏற்றுக்கொண்டால்’ என்ற சொல்லையும் எழுதி அடிக்கோடிட்டார்.

பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

முதலாவது சுங்கத் தீர்வை. சிஐஎஃப் பெறுமதியில் 20 வீதம், 6 இலட்சம். அந்தத் தீர்வையின் மேல் 50 வீத மேல்வரி, 3 இலட்சம். இரண்டும் சேர்ந்து 9 இலட்சம்.

இரண்டாவது உற்பத்தி வரி. இது விலையைப் பார்ப்பதில்லை, இயந்திரத்தைப் பார்க்கிறது. ஆயிரம் சிசிக்கு மேற்படாத பெற்றோல் காருக்கு அப்போதைய அட்டவணைப்படி சிசி ஒன்றுக்கு 2,450 ரூபாய். 996ஆல் பெருக்கினால் 24,40,200. கார் கீறலோடு வந்தாலும், ஓடிக் களைத்து வந்தாலும், ஏலத்தில் அரை விலைக்கு அடித்தாலும் இதில் ஒரு சதம் குறையாது. “பழசெண்டால் வரியும் குறையுமெண்டு நினைச்சன்” என்றார் மாஸ்டர். என்னிடம் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைத்து வருகிறார்கள்.

மூன்றாவது வற் வரி, 18 வீதம். எதன் மேல் 18 வீதம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 30 இலட்சத்தோடு அதன் பத்து வீதமான 3 இலட்சத்தைக் கூட்ட வேண்டும். அதோடு தீர்வை 9 இலட்சம், உற்பத்தி வரி 24,40,200. மொத்தம் 66,40,200. இதில் 18 வீதம், 11,95,236 ரூபாய்.

மாஸ்டர் பேனாவை நிறுத்தினார். “இந்த மூண்டு இலட்சம் எங்கயிருந்து வந்தது?”

அது யாருக்கும் கொடுத்த பணமல்ல. இறக்குமதி செய்பவரின் செலவும் இலாபமும் என்று சட்டம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் தொகை. மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் எடுக்கும் மாஸ்டருக்கு அதில் என்ன இலாபம்? ஆனாலும் அந்த இல்லாத மூன்று இலட்சத்துக்கு அவர் 54,000 ரூபாய் வற் கட்டியாக வேண்டும். தீர்வைக்கும் உற்பத்தி வரிக்கும் சேர்த்தே வற் போடப்படுகிறது என்பதையும் விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பக்கத்தின் ஓரத்தில் ‘வரிக்கு மேல் வரி’ என்று எழுதினார்.

நான்காவது சொகுசு வரி. பெற்றோல் கார் என்றால் சிஐஎஃப் பெறுமதி 50 இலட்சத்தைத் தாண்டும்போதுதான் அது வரும். தாண்டிய தொகைக்கு நூற்றுக்கு நூறு. மாஸ்டரின் கார் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே. ‘இல்லை’ என்று எழுதச் சொன்னேன். இல்லாததையும் எழுதிவைத்தால்தான் பிறகு யாராவது வந்து அதைச் சொல்லிப் பயம் காட்ட மாட்டார்கள்.

கூட்டினார். வரி மட்டும் 45,35,436 ரூபாய். காரின் பெறுமதியோடு 75,35,436. முப்பது இலட்சத்துப் பொருளுக்கு நாற்பத்தைந்து இலட்சம் வரி. அவர் மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். இரண்டு விடையும் ஒன்றாக வந்தன.

“இன்னும் முடியேல்லை மாஸ்டர்” என்றேன். வங்கியின் எல்சிக் கட்டணம், கப்பல் முகவரின் டெலிவரி ஓடர் கட்டணம், துறைமுகக் கூலி, என் கூலி, காப்புறுதி, பதிவு, அம்பாந்தோட்டையிலிருந்து பருத்தித்துறை வரை கொண்டுபோகும் செலவு. எல்லாவற்றுக்கும் 2 இலட்சம். கடைசி வரியாக ‘யென் ஏறினால்’ என்று எழுதச் சொல்லி அதற்கு 3 இலட்சம். மொத்தம் 80 இலட்சத்தைத் தாண்டியது. “மகனிட்ட 81 இலட்சமெண்டு சொல்லுங்கோ. மிஞ்சினால் திருப்பி அனுப்பலாம்.”

அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுங்கம் தன் மாற்று வீதத்தைக் கிழமைக்குக் கிழமை அறிவிக்கும். எல்சி திறந்த நாளின் வீதம் ஒன்று, பத்திரம் போடும் நாளின் வீதம் வேறொன்று. அப்போதைய வரி வீதங்களில், பெறுமதி ஒரு இலட்சம் கூடினால் தீர்வையும் மேல்வரியும் 30,000 கூடும். வற் 25,200 கூடும். ஆக, ஒரு இலட்ச வித்தியாசம் கையைக் கடிக்கும்போது 1,55,200 ஆகியிருக்கும். யென் அசைந்தாலும் இதே கணக்குத்தான், கப்பல் கூலி ஏறினாலும் இதே கணக்குத்தான். என் தொழிலில் நான் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரே வாய்ப்பாடு: ஒன்று கூடினால் ஒன்றரைக்கு மேல்.

உற்பத்தி வரி சிசியைப் பார்ப்பதால் எங்கள் வீதிகளின் முகமே மாறியிருக்கிறது. கொழும்பில் ஒரு சமிக்ஞை விளக்கடியில் நின்று பாருங்கள். வாகன்ஆர் 658 சிசி. விட்ஸ், யாரிஸ், ரெய்ஸ் மூன்றும் 996. வெசல் 1,496. எல்லாம் ஏதோவொரு கோட்டுக்குச் சற்றுக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆயிரத்தைத் தாண்டினால் தாண்டிய சிசிகளுக்கு மட்டும் கூடிய வீதம் என்றில்லை. முழு இயந்திரத்துக்கும் அடுத்த படியின் வீதம்தான். ‘கொஞ்சம் பெரிய கார் எடுத்தால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தப் படிகளைத்தான் காட்டுவேன். எந்தக் கார் நல்லது என்று மெக்கானிக் சொல்லட்டும். எந்தக் கார் கட்டுப்படியாகும் என்று சொல்வது வர்த்தமானி.

வர்த்தமானி மாறும் இரவுகளை என் வீட்டுக்காரர்கள் நன்கு அறிவார்கள். 2018 ஓகஸ்டில் சிறிய கார்களுக்கான வரி ஒரே இரவில் கூட்டப்பட்டபோது விடியும்வரை தொலைபேசி ஓயவில்லை. அடுத்த மாதக் கடைசியில், தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு எல்சி திறப்பதென்றால் பெறுமதியின் 200 வீதத்தைக் காசாக வங்கியில் வைக்க வேண்டும் என்று மத்திய வங்கி அறிவித்தது. இருபது இலட்சத்துக் காருக்கு நாற்பது இலட்சம் கட்டிவைக்க வேண்டும். வரி அதற்கு வெளியே. வெள்ளவத்தையில் ஒரு இளம் தம்பதி கல்யாண நகையை அடகு வைத்துச் சேர்த்த பணத்தோடு அந்தத் திங்கட்கிழமைதான் எல்சி திறக்க இருந்தார்கள். அவர்களுக்கு நான் தொலைபேசியில் சொல்லவில்லை. வீட்டுக்கே போய்ச் சொல்லி, நகையை மீட்கச் சொன்னேன். அந்த நிபந்தனை 2019 மார்ச்சில் நீங்கியது.

நாடு ஏன் இப்படிச் செய்கிறது என்று எனக்கு விளங்காமல் இல்லை. கார் இங்கே முளைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் டொலர் வெளியே போகிறது. 2020 மார்ச்சில் தடை வந்தபோது தற்காலிகம் என்றுதான் நினைத்தோம். 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றது; ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. அந்த நாட்களில் கார் இறக்கவில்லையே என்று வருந்த எனக்கு மனம் வரவில்லை. பால்மாப் பெட்டிகளையும் மருந்துப் பெட்டிகளையும் இறக்கிக் கொடுத்துக் காலம் தள்ளினேன். என்னோடு தொழில் கற்ற இருவர் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். உள்ளூரில் பத்து வருடக் கார்கள் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலைபோயின. வரி வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். கட்டுகிறவனுக்கு விளங்கும்படி அதைச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

விளங்காத இடத்தில்தான் தவறு நுழைகிறது. என் கையாலேயே ஒரு தவறு நடந்தது. அதே 2025இல், வளைகுடாவில் பதினொரு வருடம் தாதியாக வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒரு தங்கச்சிக்குக் கார் பார்த்தோம். யப்பானின் ஏற்றுமதிப் பத்திரத்தில் முதற்பதிவு மாதம் இருக்கும். அந்த மாதத்தை வைத்து மூன்று வருடத்துக்குள் இரண்டு மாதம் மிச்சம் என்று கணக்குப் போட்டுவிட்டேன். நமது சட்டம் பார்ப்பது பதிவை அல்ல, உற்பத்தியை. உற்பத்தித் திகதியிலிருந்து கப்பல் பத்திரத் திகதி வரை எண்ணும். கார் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, விற்பனைக் கூடத்தில் நின்று, பிறகுதான் பதிவாகியிருந்தது. செஸி நம்பரைக் கொண்டு உற்பத்தி மாதத்தைப் பார்த்தபோது என் இரண்டு மாதம் வெறும் ஐந்து நாளாகச் சுருங்கியிருந்தது. கப்பலோ ஒன்பது நாள் பிந்தியது.

ஏற்றவிடாமல் நிறுத்தினோம். ஏற்றியிருந்தால் வாகனம் சட்டத்துக்குப் புறம்பாகவே வந்து இறங்கியிருக்கும். ஆனால் முற்பணத்தில் ஒரு பகுதியும், அங்குள்ள போக்குவரத்துச் செலவும், வங்கிக் கட்டணமும் போனது போனதுதான். தங்கச்சி என்னைத் திட்டவில்லை. “அண்ணா, எனக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியுமெண்டுதானே வந்தன்” என்று மட்டும் சொன்னா. போன பணத்தில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அடுத்த காரைக் கூலி வாங்காமல் இறக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கோப்புகளின் மேலட்டையில் வாடிக்கையாளரின் பெயருக்கும் மேலே சிவப்பில் எழுதுவது உற்பத்தி மாதத்தைத்தான்.

இன்னொரு வகைத் தவறும் உண்டு; அது தெரிந்தே செய்வது. ‘இன்வொய்ஸைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லலாமா?’ என்று கேட்பார்கள். நான் மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து இலட்சம் குறைத்துக் காட்டினால் 2,76,000 ரூபாய் வரி மிஞ்சும். பிடிபட்டால் கார் பறிபோகும். பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கவும் சுங்கக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. 1869ஆம் ஆண்டுச் சட்டம் அது. திருத்தங்களோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. பொய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது வாடிக்கையாளர், யோசனை சொல்லிக் கொடுத்தவர் அல்ல. அப்படிக் கேட்டு வருகிறவர்களை நான் விரட்டுவதில்லை. உட்காரவைத்து இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். பலர் மனம் மாறிவிடுவார்கள். மாறாதவர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள்.

மாஸ்டரின் கார் சித்திரைப் புத்தாண்டு கழிந்த கிழமையில் அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2012இல் வாகனக் கப்பல்கள் அங்கே போகத் தொடங்கியபின், அந்தப் பாதை எனக்குத் தூக்கத்திலும் தெரியும். மாஸ்டரும் என்னோடு வந்தார். துறைமுகத்து வெயிலில் வரிசை வரிசையாகக் கார்கள். கடற்காற்றில் உப்புப் படிந்து கண்ணாடிகள் மங்கியிருந்தன. அவருடைய கார் வெள்ளி நிறம். கதவில் விரலால் ஒரு கோடு இழுத்தார். உப்புக்குள் நிறம் பளிச்சென்று தெரிந்தது.

பரிசோதனை அதிகாரி பத்திரத்தோடு வந்தார். முன் ஆசனத்தருகே தரைவிரிப்பை விலக்கி டோர்ச் அடித்தேன். இரும்பில் குத்திய செஸி நம்பர், கே.எஸ்.பி. 210 என்று தொடங்கியது. நான் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அதிகாரி பத்திரத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். மாஸ்டர் தன் கொப்பியில் முன்பே எழுதிவைத்திருந்த இலக்கத்தின் கீழே விரலை நகர்த்திக்கொண்டு வந்தார். பரீட்சை மண்டபத்தில் சுட்டெண் பார்ப்பதுபோல அவ்வளவு கவனம். கடைசி இலக்கமும் ஒத்துப்போனதும் அதிகாரி கையெழுத்திட்டார். அந்த ஒரு இலக்கம் பிசகினால் கட்டிய நாற்பத்தைந்து இலட்சமும் வேறொரு காருக்குக் கட்டியதாகிவிடும். மாஸ்டரின் மகன் இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது.

யென் நான் பயந்ததுபோலவே ஏறியிருந்தது. பெறுமதி 30 இலட்சத்தைத் தாண்டியது; வரியும் கூடவே ஏறியது. கப்பல் வந்த உடனேயே பத்திரம் போட்டதால் டெமரேஜ் இல்லை. பணம் தயாராக இல்லாதவர்களுக்குத் துறைமுக முற்றத்தில் நாளுக்கு நாள் ஏறும் வாடகை அது. எல்லாம் முடிந்தபோது மொத்தச் செலவு 79 இலட்சத்து 48 ஆயிரம். நாங்கள் எழுதிய 81க்குள் அடங்கியது. பதிவு செய்வதற்குத் தொண்ணூறு நாள் தவணை உண்டு. தவறினால் மாதத்துக்குப் பெறுமதியின் 3 வீதம் மேலதிகமாகக் கட்ட வேண்டும். பன்னிரண்டாம் நாளே நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுக்குக் கொடுத்துவிட்டோம்.

போகும் நாளில் மாஸ்டர் அலுவலகத்துக்கு வந்தார். கொப்பியைத் திறந்து, நான் அன்று சொன்ன ஒவ்வொரு தொகைக்கும் எதிரே இறுதியில் கட்டிய தொகையைச் சிவப்பு மையால் எழுதியிருந்ததைக் காட்டினார். எந்த வரியும் விடுபட்டிருக்கவில்லை. புதிதாக எந்த வரியும் சேர்ந்திருக்கவும் இல்லை. தொகைகள்தான் சற்று அசைந்திருந்தன. “இந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்து வைச்சிரும் தம்பி. எங்கட பக்கத்தில நிறையப் பேர் கேக்கினம். நான் சொன்னால் நம்பமாட்டினம், எழுத்தில இருந்தால் நம்புவினம்.”

பெயரை மறைத்துப் பிரதி எடுத்துக்கொண்டேன். வீதங்கள் மாறும்போதெல்லாம் தொகைகளை மாற்றி எழுதுகிறேன்; வரிசை அப்படியேதான் இருக்கிறது. காரின் பெறுமதி, தீர்வை, மேல்வரி, உற்பத்தி வரி, இல்லாத இலாபம், வற், சொகுசு வரி, கூலிகள், யென் ஏறினால். இப்போது யார் வந்தாலும் கார்ப் படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளையும் ஒரு பேனாவையும் முன்னால் வைக்கிறேன். நான் எழுதிக் கொடுப்பதில்லை. அவர்கள் கையாலேயே எழுதச் சொல்கிறேன். சிலர் பாதிப் பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டு, “இது எங்களுக்குச் சரிவராது” என்று எழுந்து போகிறார்கள். அவர்களை வாசல்வரை போய் வழியனுப்புகிறேன். என்னிடம் கூலி தராத அவர்களுக்கும் நான் என் வேலையைச் செய்து முடித்திருக்கிறேன்.